எண்பது நிரலும் தமிழ் எழுத்தும்

மருதமுனை என்றதும் கைத்தறி நினைவுக்கு வருதல் கிழக்கிலங்கை மக்களுக்கு இயல்பு. அவ்வூர் நெசவாளர் ஒருவர் தறியில் பாவை ஏற்றிவிட்ட பின்னர், நெய்யப்போகும் சாரனின் அகலம் இத்துணை என்பது தீர்ந்துபோன காரியமாகும். எத்தனை இழை ஏறியதோ அத்தனை இழைதான். ஆயினும் நாடாவில் இடும் ஊடை நூலின் நிறத்தை அவர் விரும்பியபோது மாற்றிக்கொள்ளலாம். அகலம் அசையாது, நிறம் அசையும். கணினித் துறையில் எழுத்துத் திரை எனப்படுவதன் வரலாறும் இத்தகையதே. இதனை வெறும் உவமையென்று கொள்ளவும் வேண்டியதில்லை. தறிக்கும் திரைக்கும் மெய்யாகவே ஒரு வமிசத் தொடர்பு உண்டு.

பிரான்சு தேசத்து ஜக்கார்ட் என்பார் 1804ஆம் ஆண்டளவில், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலைத் துணி நெய்யும் தறியொன்றை அமைத்தார். எந்த இழை மேலெழ வேண்டும், எது தாழ வேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளையே தீர்மானித்தது. அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது ஹொலரித் என்பார் துளை அட்டைகளை மக்கட்டொகையை எண்ணும் பணியில் ஈடுபடுத்தினார். அவர் வழிவந்த ஐ.பி.எம். நிறுவனம் 1928ஆம் ஆண்டில் 80 நிரல்கள் கொண்ட அட்டையை வெளியிட்டது. பல்லாண்டுகள் கழித்துக் கண்ணாடித் திரையுடைய கருவிகள் வந்தபொழுது, அவற்றின் ஒரு வரியில் 80 எழுத்துகளே அமைந்தன. பழைய அட்டையின் அகலமே புதிய திரைக்கும் வந்து சேர்ந்தது என்று பொதுவாகக் கூறுவர். 80 நிரல், 24 நிரை, ஆக 1,920 கட்டங்கள். கட்டம் ஒன்றுக்கு எழுத்து ஒன்று. இந்தக் கணக்கை நேயர்கள் உள்ளத்திலே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். தமிழுக்கு வந்த இடர் இதனுள்ளேதான் இருக்கிறது.

கண்ணாடித் திரைக்கு முன்னர் இருந்தது தொலை அச்சுப்பொறி. தபால் தந்தி நிலையங்களில் தாளிலே தடதடவென்று செய்தி அடித்த பொறிதான் அது. 1963ஆம் ஆண்டில் வெளிவந்த டெலிடைப் 33 என்னும் பொறி வினாடிக்குப் பத்து எழுத்துகளை, அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மட்டுமே அடித்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகிய இருவரும் 1969ஆம் ஆண்டில் யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைத் தொடங்கியபோது அவர்கள் முன்னிருந்தவை இத்தகைய பொறிகளே. யுனிக்ஸ் கட்டளைகள் ஈரெழுத்து, மூவெழுத்துச் சொற்களாகச் சுருங்கிப்போனமைக்கு இந்த மந்த கதியும் ஒரு காரணம் என்பர். டெலிடைப் என்பதன் சுருக்கமாகிய ‘டி.டி.ஒய்.’ என்னும் பெயர் இன்றைய லினக்ஸ் கணினிகளிலும் முனையத்துக்கு வழங்கிவருகிறது. முனையம் என்னும் தமிழாக்கமும், முனைகளிலே ஊர் அமைத்து வாழும் கல்முனை, மருதமுனை மக்களின் செவிக்கு அந்நியமாக ஒலிக்காது.

1970களில் திரை முனையங்கள் பெருகின. பெருகியவை ஒரு மொழி பேசவில்லை. திரையிலே எழுத்து விழும் இடத்தைக் காட்டும் சிறு குறியைச் சுட்டி என்பர். அச்சுட்டியை ஒரு வரி மேலே ஏற்றுதல் என்ற எளிய செயலை எடுத்துக்கொள்வோர், அக்காலத்துக் குழப்பத்தை உணரலாம். லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏ.டி.எம். 3ஏ முனையத்துக்குப் பதினோராம் எண் கட்டுப்பாட்டுக் குறியை அனுப்புதல் வேண்டும். டிஜிட்டல் நிறுவனத்தின் வீ.டி. 52 முனையத்துக்கு ‘எஸ்கேப்’ எனப்படும் 27ஆம் எண் குறியையும் அதன்பின் ‘ஏ’ என்னும் எழுத்தையும் அனுப்புதல் வேண்டும். அதே நிறுவனம் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட வீ.டி. 100 முனையமோ, எஸ்கேப்புக்கும் ‘ஏ’க்கும் இடையே ஒரு சதுர அடைப்புக் குறியையும் எதிர்பார்த்தது. ஒரு முனையத்துக்கென எழுதிய செய்நிரலை மற்றொன்றில் இயக்கினால் திரை முழுவதும் பொருளற்ற குறிகள் சிதறின.

இந்த இடரை நேரே சந்தித்தவர்களுள் ஒருவர் கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த பில் ஜோய். ‘வீஐ’ என்னும் பதிப்புச் செய்நிரலை எழுதியவர் அவரே. அவர் பயன்படுத்தியது ஏ.டி.எம். 3ஏ முனையம், அதன் விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் என்னும் நான்கு விசைகளின் மேல் அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. இன்றும் வீஐ பயில்வோர் அந்த நான்கு எழுத்துகளைக் கொண்டே சுட்டியை நகர்த்துகின்றனர். மறைந்துபோன ஒரு பொறியின் விசைப்பலகை இன்னும் விரல்களில் வாழ்கிறது! 1978ஆம் ஆண்டில் ஜோய், பல்வேறு முனையங்களின் இயல்புகளையும் ஒரே கோப்பில் தொகுத்தார். ‘டேர்ம்கேப்’ என்பது அதன் பெயர். இன்ன முனையத்துக்கு மேலே செல்ல இன்ன குறி, திரையைத் துடைக்க இன்ன குறி என்று அகராதிபோல் அமைந்த தொகுப்பு அது.

அகராதி உண்டாயிற்று, எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று செய்நிரலுக்கு யார் சொல்வது? அதற்கான செவ்விய வழி 1979ஆம் ஆண்டில் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. அதுவே சூழல் மாறி.

இச்சொல்லைச் சற்று விளக்குதல் தகும். கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலானந்தர், தமிழகத்தில் 1930களில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அறிவியலைத் தமிழில் சொல்லும்போது சொல் பொருளைக் காட்ட வேண்டும் என்ற அந்தத் தலைமுறையினரின் வேட்கையை அளவுகோலாகக் கொண்டால், ‘சூழல் மாறி’ ஓரளவே தேறும். சூழல் என்ற பகுதி பொருந்துகிறது. மாறி என்பது கணிதத்திலிருந்து வந்த இரவற் சொல். பொருள் இதுதான்: ஒரு செய்நிரல் மற்றொரு செய்நிரலைத் தோற்றுவிக்கும்போது, ‘பெயர் சமன் மதிப்பு’ என்ற வடிவில் சில குறிப்புகளையும் கூடவே கொடுத்து அனுப்புகிறது. தூரப் பயணம் போகும் மகனிடம் வாப்பா சில சொற்களைச் சொல்லி அனுப்புவதை ஒத்தது இது. மகன் அவற்றைத் தன் பிள்ளைகளுக்கும் சொல்லலாம், மாற்றியும் சொல்லலாம். ஆனால் அவன் செய்யும் மாற்றம் வீட்டிலிருக்கும் வாப்பாவின் சொல்லை மாற்றிவிடாது. ஒவ்வொரு சேய்க்கும் கிடைப்பது ஒரு படி மட்டுமே.

‘டேர்ம்’ என்னும் சூழல் மாறியில் முனையத்தின் பெயரை இட்டுவிட்டால் செய்நிரல் அப்பெயரை அகராதியில் தேடிக்கொள்ளும். ‘டேர்ம்கேப்’ என்ற மாறியோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. முனையத்தின் முழு விவரணத்தையும் அதிலேயே எழுதிவிடலாம். செய்நிரலை எழுதியவரைத் தேடிப்போகாமல், அவர் எழுதியதில் ஓர் எழுத்தையும் தொடாமல், பயன்படுத்துவோரே அதன் நடத்தையைத் திருத்தும் வாய்ப்பு அன்று பிறந்தது. பின்னர் வந்த மாற்றங்கள் எல்லாம் இந்த ஒரு கதவின் வழியே நுழைந்தவை.

பேர்க்கிலியில் கென் ஆர்னல்ட் என்பார் 1980ஆம் ஆண்டளவில் ‘கேர்சஸ்’ என்னும் செய்நிரல் நூலகத்தை அமைத்தார். ஆங்கிலத்தில் அது சாபங்கள் என்றும் பொருள்படும். அதனோடு மல்லாடிய மாணவர் சிலருக்கு அப்பொருளே பொருத்தமாகத் தோன்றியிருக்கவும் கூடும். உண்மையில் அது சுட்டியின் ஆங்கிலப் பெயரிலிருந்து விளைந்தது. அந்நூலகத்தின் பெருமை அதன் சிக்கனத்திலே தங்கியிருந்தது. அக்காலத்துத் தொலைபேசி வழித் தொடர்பில் வினாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளே சென்றன. 1,920 கட்டங்களையும் புதிதாய் எழுத 64 வினாடி, அஃதாவது ஒரு நிமிடத்துக்கும் மேலாகும். ஆகவே கேர்சஸ், திரையில் இப்போது இருப்பது ஒன்று, இருக்க வேண்டியது ஒன்று என இரு படங்களை நினைவகத்தில் வைத்து, இரண்டுக்கும் வேறுபாடுள்ள கட்டங்களை மட்டும் அனுப்பியது. ‘றோக்’ என்னும் குகை விளையாட்டு இந்த நூலகத்தின் மீது எழுந்து பல்கலைக்கழகங்கள் தோறும் பரவிற்று. நூலகம் ஒன்று பரவுவதற்கு விளையாட்டும் ஒரு வாகனமாதல் கல்விமான்கள் கவனிக்கத் தக்கது.

பின்வந்த வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். மார்க் ஹோர்டன், டேர்ம்கேப்புக்குப் பதிலாக ‘டேர்மின்ஃபோ’ என்னும் செறிவான தொகுப்பை அமைத்தார். பவெல் கேர்ட்டிஸ் 1980களின் தொடக்கத்தில், யாவரும் பயன்படுத்தத்தக்க கேர்சஸ் ஒன்றை எழுதினார். அதனை அடியாகக் கொண்டு ஸெயிட் பென்ஹலீம் 1993ஆம் ஆண்டில் ‘என்கேர்சஸ்’ நூலகத்தை வெளியிட்டார். எரிக் ரேமண்ட் அதனை விரிவாக்கினார். தோமஸ் டிக்கி 1990களின் நடுப்பகுதியிலிருந்து பல்லாண்டுகளாக அதனைப் பேணி வளர்த்தார். இவர்களுள் கடைசிப் பெயருக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை என்றே கூறல் வேண்டும். புதிதாய்க் கட்டுபவருக்குக் கிடைக்கும் மாலை, ஆண்டுதோறும் கூரை வேய்பவருக்குக் கிடைப்பதில்லை.

நிற்க. என்கேர்சஸ் மதிக்கும் சூழல் மாறிகள் பல. ‘லைன்ஸ்’, ‘கொலம்ஸ்’ என்னும் இரண்டும் திரையின் நிரையையும் நிரலையும் சொல்வன. ‘டேர்மின்ஃபோ’ என்ற மாறி அகராதி இருக்கும் இடத்தைக் காட்டும். இவற்றுள் மிகச் சுவையானது ‘எஸ்க்டிலே’. விசைப்பலகையில் எஸ்கேப் விசையை அழுத்தினால் 27ஆம் எண் குறி செல்கிறது. மேல்நோக்கிய அம்பு விசையை அழுத்தினாலும் முதலில் செல்வது அதே குறிதான். அதைத் தொடர்ந்தே அடைப்பும் எழுத்தும் வருகின்றன. 27 வந்தவுடன், அது தனியே வந்த விசையா, அல்லது ஒரு தொடரின் தலையா என்று நூலகத்துக்குத் தெரியாது. ஆகவே அது காத்திருக்கிறது. எவ்வளவு நேரம்? வேறு கட்டளை இல்லாவிடில் 1,000 மில்லி வினாடி, அதாவது ஒரு முழு வினாடி. மந்தமான தொலைபேசித் தொடர்பு இருந்த காலத்தில் இது நியாயமான பொறுமை. இன்றைய கணினியிலோ எஸ்கேப்பை அழுத்தியவர், பொறி உறங்கிவிட்டதோ என்று ஐயுறுவார். எஸ்க்டிலே மாறியில் 25 என்று இட்டால் அந்த ஒரு வினாடி கண்ணிமைப்புக்கும் குறைந்த நேரமாகிவிடும். காத்திருக்கும் காலத்தையும் பயன்படுத்துவோர் கையில் கொடுத்தமை நூலகத்தாரின் பண்பாடு.

நிறத்தைப் பற்றிய கதை வேறொரு நூலகத்தைச் சார்ந்தது. ரெட் ஹட் நிறுவனத்தில் பணியாற்றிய எரிக் ட்ரோன், 1990களில் லினக்ஸை நிறுவும் செய்நிரலுக்காக ‘நியூட்’ என்னும் சிறு நூலகத்தை எழுதினார். ஜோன் டேவிஸ் என்பாரின் ‘எஸ்லாங்’ நூலகத்தின் மேல் கட்டப்பட்டது அது. நீலப் பின்னணி, அதன் நடுவே சாம்பல் நிறப் பலகை, கீழே சிவப்புப் பொத்தான்: லினக்ஸை எழுத்து முறையில் நிறுவியோர் எவரும் மறவாத காட்சி. ‘விப்டெயில்’ என்னும் சிறு கருவி இந்நூலகத்தைக் கொண்டே கேள்வி கேட்கும். மாணவர் பலர் கைக்கு எட்டிய ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியின் அமைப்புத் திரையும் அதுவே.

அந்த நீலத்தை விரும்பாதவர், அல்லது பார்வைக் குறைவால் அதனைக் காண இயலாதவர், என் செய்வார்? ‘நியூட்’, ‘கலர்ஸ்’ என்னும் இரு சொற்களையும் அடிக்கோட்டால் இணைத்த சூழல் மாறி அவருக்காகவே உள்ளது. திரையின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயர் உண்டு: அடித்தளம் ‘ரூட்’, பலகை ‘விண்டோ’, விளிம்பு ‘போர்டர்’, தலைப்பு ‘டைட்டில்’, பொத்தான் ‘பட்டன்’, தெரிவுசெய்த பொத்தான் ‘அக்ட்பட்டன்’ என்றவாறு. உறுப்பின் பெயர், சமக்குறி, எழுத்தின் நிறம், காற்புள்ளி, பின்னணி நிறம் என்ற வரிசையில் எழுதி, உறுப்புக்கும் உறுப்புக்கும் இடையே முக்காற்புள்ளியோ அரைப்புள்ளியோ இடுதல் வேண்டும். ‘ரூட்’ என்பதற்கு வெள்ளை, கறுப்பு என்று கொடுத்தால் நீலம் மறைந்து கறுப்புத் தளம் தோன்றும். நிறமே வேண்டாதவருக்கு ‘நியூட் மோனோ’ என்னும் மாறி. 2017ஆம் ஆண்டில், ‘நோ கலர்’ என்னும் மாறி இருக்குமாயின் எந்தச் செய்நிரலும் நிறம் பூசலாகாது என்ற பொது உடன்பாடொன்று முன்மொழியப்பட்டு, பல செய்நிரலாளர் அதனை ஏற்றுக்கொண்டனர். ஊடை நூலை மாற்றும் நெசவாளரின் உரிமை இவ்வாறு திரைக்கு வந்தது.

கதவு திறந்திருந்தால் கள்வனும் நுழையக்கூடும். சூழல் மாறியின் மூலம் நச்சு கலந்த அகராதியைக் காட்டி, என்கேர்சஸைப் பயன்படுத்தும் செய்நிரலின் நினைவகத்தைக் குலைக்க இயலும் என்பதை மைக்ரோசொஃப்ட் நிறுவன ஆய்வாளர் 2023ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே குறை திருத்தப்பட்டது. 1979ஆம் ஆண்டில், ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டத்தார் நடுவே பிறந்த வசதி, முகமறியாத கோடிப் பேர் வாழும் உலகிலும் அதே நம்பிக்கையோடு இயங்கிவந்ததன் விளைவு அது.

இனித் தமிழைப் பார்ப்போம். மொழியையும் சூழல் மாறியே தீர்மானிக்கிறது. ‘லாங்’ என்னும் மாறியில் இலங்கைத் தமிழுக்குரிய குறியை இடலாம். ‘லாங்வேஜ்’ என்னும் மாறியில், முதலில் தமிழ், தமிழ் இல்லாவிடத்து ஆங்கிலம் என வரிசையும் வகுக்கலாம். தன்னார்வத் தொண்டர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்திகளைத் தமிழாக்கியும் இருக்கின்றனர். ஆகவே கேள்வி தமிழில் வரும். வந்த தமிழ் கட்டத்தில் அமருமா என்பதே பிரச்சினை.

தமிழ் எழுத்துகள் 247. லினக்ஸின் நேரடி எழுத்துத் திரையோ 256 அல்லது 512 வடிவங்களை மட்டுமே ஒரே வேளையில் ஏற்கும். எண்ணிக்கையைப் பார்த்தால் அடங்கிவிடும் போலத் தோன்றும். ஆனால் 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிக்கோடு, உயிர்மெய்யைத் தனி எழுத்தாகக் கொள்ளாமல் மெய்வடிவம் ஒன்று, உயிர்க்குறி ஒன்று எனப் பிரித்து வைத்தது. இரண்டையும் சேர்த்து வரையும் திறன் அந்த எளிய திரைக்கு இல்லை. ‘மௌலவி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. முதலெழுத்தில் மகரத்துக்கு இடப்புறம் ஒரு கொம்பு, வலப்புறம் ளகரம் போன்ற ஒரு வடிவம். கண்ணுக்கு மூன்று உருவங்கள். கணினியின் நினைவிலோ இரண்டு குறிகள். கட்டம் எத்தனை ஒதுக்குவது?

மார்க்கஸ் கூன் என்பார் இதற்கென ஓர் அகல அட்டவணை வகுத்தார். முனையச் செய்நிரல்கள் பல அதனைப் பின்பற்றின. அதன்படி புள்ளிக்குத் தனிக் கட்டம் இல்லை. நெடில் ஈகாரக் குறிக்கும் இல்லை. ஆனால் குறில் இகரக் குறிக்கு ஒரு கட்டம் உண்டு! ஆகவே ‘கி’ இரண்டு கட்டம் பெற, ‘கீ’ ஒரே கட்டம் பெறும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று ஆரம்ப வகுப்பிலேயே படித்த தமிழ் மாணவர் இதைக் கேட்டு நகைப்பர். அது அவருடைய தனிப்பட்ட பிழையன்று. யுனிக்கோட்டின் வகைப்பாட்டில் அவ்விரு குறிகளும் வேறுவேறு இனத்தில் வைக்கப்பட்டமையே காரணம்.

இத்தகைய இடர் தமிழுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து இரா. முத்தையா, மலாயா தேசத்தில் வாழ்ந்த காலத்தில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது, எல்லா விசைகளுக்கும் ஒரே அகலம் என்னும் இதே சிறைக்குள் நின்றே வழி கண்டார். புள்ளி, விசிறி போன்ற குறிகளுக்கு, அழுத்தினாலும் தாள் நகராத விசைகளை அவர் வைத்தார். இகர விசிறிக்கும் ஈகார விசிறிக்கும் அவர் பாகுபாடு செய்திருக்கத் தேவையில்லை. ஏனெனில் எழுத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்தவர் அவர், அட்டவணையைப் பார்த்து அல்லர்.

டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டார் இச்சிக்கலை அவிழ்க்காமல் சுற்றிப் போயினர். 2007ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த அவர்களது நான்காம் பதிப்பில், நியூட்டின் எழுத்துத் திரையோடு வரைபடத் திரை ஒன்றும் நிறுவுதலுக்காகச் சேர்க்கப்பட்டது. எழுத்துத் திரையில் காட்ட இயலாத மொழிகள் வரைபடத் திரையில் மட்டும் தரப்பட்டன. தமிழ், இந்தி, மலையாளம், நேபாளி முதலியவை அவற்றுள் அடங்கும். பழைய நீலப் பலகையில் மொழிப் பட்டியலைத் தேடுவோர் அங்கே தமிழைக் காணார். வலுக்குறைந்த பழைய கணினியை, அல்லது தொலைவிலுள்ள கணினியை எழுத்து வழியாக அமைப்பவர், தமிழ் மட்டும் அறிந்தவராயின், ஆங்கிலம் அறிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ள வேண்டியவராகிறார். தாய்மொழி மூலம் கற்ற பிள்ளைகளே பெரும்பாலராயுள்ள அம்பாறைக் கரையோரப் பாடசாலைகளுக்கு இது சிறு குறையன்று.

சாளரங்களுள் இயங்கும் புதிய முனையச் செய்நிரல்கள் சில தமிழை ஓரளவு சேர்த்து வரைய முயல்கின்றன. எனினும் நூலகம் எண்ணும் கட்டமும் முனையம் வரையும் அகலமும் ஒன்றுபடாத இடத்தில் பலகை கோணிப்போகிறது. ‘கல்முனை’ என்பதில் தமிழர் எண்ணும் எழுத்து நான்கு. கூனின் அட்டவணை எண்ணும் கட்டம் ஆறு. மாணவர் ஒருவர் மொழி மாறியைத் தமிழாக்கி, நிற மாறியில் தம் விருப்பப்படி கறுப்பும் வெள்ளையும் இட்டு, தம் ஊர்ப் பெயரை விப்டெயில் பலகையில் எழுதுவாராயின், நிறங்கள் யாவும் அவர் கேட்டபடியே அமையும். எழுத்துகளைச் சேர்த்து நான்கு கட்டத்தில் வரையும் முனையத்தில், அவ்வரியில் மட்டும் பலகையின் வலப்பக்கக் கோடு இரண்டு கட்டம் உள்ளே தள்ளி நிற்கும்.